அடிங்க, அத்தை!

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, மகள் வீட்டுப் பாத்ரூம் கதவுக்கு வெளியே தோளில் துண்டோடு காத்திருந்த பிரேக்கம்மாவின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. கடகடவென்று கல் உருண்டு, டொம்மென்று உட்கார்ந்து, கடைசியில் சின்னதாக ஒரு மணி அடித்தது. அந்தச் சத்தத்தை அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள். போனில் ஆடுகிற 'கோட்டையும் கொள்ளியும்' என்ற சீட்டாட்டத்தில் யாராவது மதில் சீட்டைப் போட்டால்தான் அப்படிக் கேட்கும்.

உள்ளே இருந்தது மாப்பிள்ளை. போய் இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது.

பிரேக்கம்மா என்பது அவளுக்கு வீட்டார் வைத்த பெயரில்லை. டிரைவிங் ஸ்கூலில் அவளிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் வைத்தது. பழகும் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஆக்ஸிலேட்டர் இருக்காது. இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அந்த ஒற்றைப் பிரேக்கின் மேல் வலது காலை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, நிறுத்துங்க, ஐயோ நிறுத்துங்க" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறாள். வேகமாகப் போக வேண்டும் என்ற ஆசை உடம்பு முழுக்கச் சேர்ந்து கிடந்தது, போக்கிடம்தான் இல்லாமல் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் லைசென்ஸ் டெஸ்ட் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இந்த ஆட்டத்தைக் காட்டினாள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

ஆட்டம் என்னவோ எளிமையானதுதான். உனக்கு ஒரு கோட்டை, எதிராளிக்கு ஒரு கோட்டை. முறைக்கு முறை கொஞ்சம் பொறி கிடைக்கும். சீட்டு போடப் பொறி செலவாகும். ஓநாய், காட்டுத்தீ, கொள்ளிமழை எல்லாம் அடிக்கிற சீட்டுகள். மதில், அகழி, பூட்டு எல்லாம் தடுக்கிற சீட்டுகள். எது எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். பிரேக்கம்மாவின் சீட்டுக்கட்டில் தடுக்கிற சீட்டு என்று மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது. எடுத்த எடுப்பிலேயே கொளுத்துவாள். கையில் ஒரு பொறி மிச்சம் இருந்தாலும் உள்ளங்கால் குறுகுறுக்கும். ஜெயித்தால் மூன்றே நிமிடத்தில் ஜெயிப்பாள், தோற்றாலும் மூன்றே நிமிடம்தான். ஆட்டத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் 'கொள்ளிவாய்'.

இந்தக் கையோடு அவளிடம் ஜோடி சேர்ந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் ரிசப்ஷனில் இருக்கும் பெண்மணிதான் கடைசி. "எல்லாப் பொறியையும் நீங்களே கொட்டிக் கவுத்துட்டு, நான் என்ன வேடிக்கை பாக்கவா வந்தேன்?" என்று சொல்லிவிட்டுப் போய் மூன்று வாரமாகிறது. இன்றைக்குப் பத்து மணிக்கு ஜோடிப் போட்டி. வருடத்துக்கு ஒரே ஒரு முறை வருவது. அதில் சேர முடியாத துக்கத்தை மறக்கத்தான் மகள் வீட்டுக்கே வந்திருந்தாள்.

உள்ளே மறுபடியும் கடகட, டொம், மணி.

கதவைத் தட்டிவிடலாம் போலக் கை பரபரத்தது. தட்டி என்ன சொல்வது? மாமியார் மாப்பிள்ளையிடம் பாத்ரூம் கதவு வழியாகப் பேசுவதா? நேருக்கு நேர் பேசினதையே விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்யாணமாகி நாலு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது மொத்தம் நாலு வாக்கியம். வாங்க மாப்பிள்ளை. உடம்பு எப்படியிருக்கு அத்தை. பரவால்ல மாப்பிள்ளை. சாப்பிட்டீங்களா அத்தை. அவள் ஹாலுக்குள் வந்தால் அவர் எழுந்து நிற்பார். அவர் நிற்கிறாரே என்று அவள் சமையலறைக்குப் போவாள். அவள் போய்விட்டாளே என்று அவர் பால்கனிக்குப் போவார். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபதாபம் எதுவும் இல்லை. மரியாதை, அவ்வளவுதான். அதுவே சுவராக நின்றது.

அவர் பெரிய கட்டடங்களில் லிப்ட் பரிசோதிக்கிற வேலை பார்ப்பவர். எந்த லிப்ட்டில் ஏறினாலும் முதலில் தலையைத் தூக்கி நாலு மூலையையும் பார்ப்பார். காரை நாற்பதில் ஓட்டுவார். ரோடு காலியாக இருந்தாலும் நாற்பதுதான். டிரைவிங் ஸ்கூல் கணக்கில் அவள் அவருக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பாள். ஆனால் அந்தக் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறபோதெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் வருவாள்.

விடுவிடுவென்று சாப்பாட்டு மேஜைக்குப் போனாள். மகள் அங்கே ஏதோ காகிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஏய், உன் புருஷன் உள்ள என்னடீ பண்றார்?"

"பாத்ரூம்ல என்னம்மா பண்ணுவாங்க?"

"மதில் கட்றார்டீ!"

மகள் பேனாவை வைத்தாள். "கேட்டுடுச்சா? ரெண்டு வருஷமா ஆடறார். லிப்ட் செக் பண்ற மனுஷன் போன்ல விளையாடிட்டு இருக்காரேன்னு அத்தை நினைச்சுடப் போறாங்க, சொல்லாதேன்னார். நீ ஆடறதை அவர்கிட்ட சொல்லாதேன்னு நீ சொன்னே. நான் ரெண்டு ரகசியத்தையும் தூக்கிச் சுமந்துட்டு நடுவுல நிக்கறேன்."

நடுவில் நிற்பதுதான் அவள் பிழைப்பே. ஆஸ்பத்திரியிலும் ஆபீஸ்களிலும், ஒருவர் பாஷை இன்னொருவருக்குப் புரியாத இடத்தில், இரண்டு பேருக்கும் இடையே உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்வாள்.

மாப்பிள்ளை தலை துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். போன் இன்னொரு துண்டில் சுற்றிப் பத்திரமாக அக்குளில் இருந்தது.

"என்னங்க," என்றாள் மகள், "அம்மாவும் அதே சீட்டுதான் ஆடறாங்க. பத்து மணிக்கு ஏதோ ஜோடிப் போட்டியாம். ஜோடி இல்லாம முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வந்திருக்காங்க. நீங்க சேர்ந்துக்கறீங்களா?"

மாப்பிள்ளையின் காது இரண்டும் சிவந்துவிட்டன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "அத்தை... நீங்களுமா?" என்றார். பிரேக்கம்மா தண்ணீர்க் கூஜாவைப் பார்த்து, "ஏதோ பொழுதுபோக்குக்கு" என்றாள்.

ஆட்டத்தில் அவர் பெயர் 'ஆமை'. ஜோடிக்கு ஒரு பெயர் கொடு என்று திரை கேட்டது. இரண்டு பேரும் "நீங்களே சொல்லுங்க", "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க" என்று இழுத்துக்கொண்டிருக்க, மகள் போனைப் பிடுங்கி 'கொள்ளிவாய் ஆமை' என்று அடித்துவிட்டாள். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

ஜோடி ஆட்டத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கோட்டை, நாற்பது உயிர். முறைக்கு ஆறு பொறி, அதுவும் பொது. ஒருவர் எடுத்துச் செலவழித்தால் மற்றவருக்கு அவ்வளவு குறையும். செலவாகாததைச் சேர்த்து வைக்கலாம், பதினெட்டு வரை. ஒவ்வொரு முறைக்கும் அரை நிமிடம்தான் நேரம். முப்பத்திரண்டு ஜோடிகள் களத்தில். இரண்டு முறை தோற்றால் வெளியே.

மாப்பிள்ளை ஹால் சோபாவில் உட்கார்ந்தார். பிரேக்கம்மா உள்ளே சாப்பாட்டு மேஜையில். இரண்டுக்கும் நடுவே நிலைப்படியில் மகள்.

முதல் முறையிலேயே பிரேக்கம்மா ஆறு பொறியையும் தீச் சீட்டுகளில் கொட்டினாள். இரண்டாவது முறையும் அப்படியே. எதிரில் ஓநாய்கள் வரிசை கட்டி நின்றன.

ஹாலிலிருந்து பல்லைக் கடித்த குரல் வந்தது. "உங்கம்மாகிட்ட சொல்லு, இருக்கற பொறி மொத்தத்தையும் ஒரே மூச்சுல கரைச்சா, மதில் இருக்க வேண்டிய இடத்துல என் தலையையா கொண்டுபோய் வைக்கறது?"

மகள் உள்ளே திரும்பினாள். "அம்மா, கொஞ்சம் பொறி மிச்சம் இருந்தா நல்லாருக்கும்னு பிரியப்படறார்."

"பிரியமா! இந்தா, எடுத்துக்கச் சொல்லு." பிரேக்கம்மா பெருந்தன்மையோடு ஒரு முறை விட்டுக்கொடுத்தாள். கடகட, டொம், மணி. அடுத்த முறையும் அதே. அதற்கடுத்ததும் அதே. அவளுக்குத் தாங்கவில்லை. "ஏய், அங்க எதிராளி கோட்டை அப்படியே புதுசு மாதிரி நிக்குது, இவர் கல்லு மேல கல்லா அடுக்கிட்டிருக்கார்! மதில் கட்டியே ஜெயிச்சவன் எவன்னு கேளு!"

மகள் வெளியே திரும்பினாள். "என்னங்க, உங்க மதில் ரொம்ப உறுதியா இருக்காம். அம்மா பாராட்டறாங்க."

"அப்படியா?" மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. உற்சாகத்தில் இன்னும் இரண்டு மதில் வைத்தார். அதற்குள் எதிராளி மதிலைச் சுற்றிவரும் சீட்டைப் போட, ஓநாய்கள் கொல்லைப்புறமாக நுழைந்து கோட்டையைத் தின்றுவிட்டுப் போயின. பத்து நிமிடத்தில் முதல் தோல்வி.

பிரேக்கம்மா எழுந்து நிலைப்படிக்கு வந்தாள். "அவர்கிட்ட நீ என்னடீ சொன்னே?"

"வார்த்தையை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தா சண்டைதாம்மா வரும். நாங்க கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் கொடுப்போம்."

மாப்பிள்ளை சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். "அத்தை, நான் பிரியப்படவே இல்ல" என்றார் நேராக அவளைப் பார்த்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"நானும் பாராட்டவே இல்ல மாப்பிள்ளை!" என்றாள் பிரேக்கம்மா.

அப்புறம் யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை, இரண்டு பேரும் சிரித்தார்கள். மகள் கையை உதறிக்கொண்டாள். "என் வேலை முடிஞ்சுது. நான் டீ போடப் போறேன். நீங்களே பேசிக்கங்க."

ஒரே சோபாவில் இரண்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு தலையணையை நிறுத்தி வைத்தார்கள். இன்னொரு தோல்வி வந்தால் கதை முடிந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் நேராகப் பேசினார்கள், ஆனால் பேசி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. "அத்தை, நீங்க தப்பா நினைக்கலைன்னா, அந்தக் காட்டுத்தீயை இப்போதைக்குக் கொஞ்சம்..." என்று அவர் ஆரம்பித்து முடிப்பதற்குள் அரை நிமிடம் தீர்ந்து, முறையே பறிபோனது. "ஐயோ, சொல்லுங்க மாப்பிள்ளை, உங்களுக்கு எது தோணுதோ அதை..." என்று அவள் இழுத்ததில் இன்னொன்று. மரியாதைக்கே பாதி நேரம் போயிற்று. உயிர் நாற்பதிலிருந்து ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. கையில் நாலு பொறி மிச்சம். எதிரில் மூன்று ஓநாய் பாய்கிற நிலையில் நின்றன. பிரேக்கம்மாவின் விரல் வழக்கம்போலக் கொள்ளியின் மேல் போயிற்று. இன்னும் ஐந்து விநாடி.

"சும்மா இரு!"

மாப்பிள்ளைதான். கூரை அதிரும்படி கத்திவிட்டார்.

டீத் தட்டோடு வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். பிரேக்கம்மாவின் விரல் திரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அந்த இடைவெளியில் மாப்பிள்ளை அகழிச் சீட்டைத் தள்ளினார். மூன்று ஓநாயும் பாய்ந்த வேகத்தில் தண்ணீரில் விழுந்து, புளுக் புளுக் என்று போய்ச் சேர்ந்தன.

அப்புறம்தான் அவருக்கு உயிர் வந்தது. விருட்டென்று எழுந்து நின்றார். "அத்தை, மன்னிச்சிடுங்க. வாய் தவறி... சத்தியமா, நான் உங்களை..."

"உட்காருங்க மாப்பிள்ளை, நேரம் ஓடுது!" பிரேக்கம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள் முகம் பூரித்துப் போயிருந்தது. "இருபத்திரண்டு வருஷமா ஊரையே நான்தான் நிறுத்து நிறுத்துன்னு கத்தறேன். என்னைப் பாத்து நிறுத்துன்னு இதுவரைக்கும் ஒரு ஆள் கத்தினதில்லை. இவ்வளவு சுகமா இருக்கும்னு யாருக்குத் தெரியும்? இன்னும் நல்லாக் கத்துங்க!"

"என்னால... எப்படி அத்தை..."

"ரெண்டே வார்த்தை. அடி, இரு. மீதியெல்லாம் சாப்பிடும்போது பேசிக்கலாம்."

அந்த ஆட்டத்தை இரண்டே உயிர் மிச்சம் வைத்து ஜெயித்தார்கள். ஜெயித்த பிறகு பார்த்தால் நடுவில் இருந்த தலையணை சோபாவுக்கு அடியில் கிடந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைக் கீழ்வீட்டுக்காரர்கள் என்னவென்று நினைத்தார்களோ தெரியாது. "இரு!" "இருக்கேன்!" "இப்போ அடி!" "அடிச்சாச்சு!" "இரு இரு இரு!" "எவ்வளவு நேரம்தான் இருக்கறது?" மாப்பிள்ளையால் வெறும் 'அடி'யோடு நிறுத்த முடியவில்லை. மூச்சு இருக்கும்போது 'அடிங்க அத்தை' என்பார், மூச்சு இல்லாதபோது 'அடி' என்பதோடு விட்டுவிடுவார். பிரேக்கம்மா இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டாள். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

நடுவில் ஒரு ஆட்டத்தில் மாப்பிள்ளைக்கு நியாயம் பேசத் தோன்றியது. ஆறு பொறியில் ஆளுக்கு மூன்று, சரிபாதி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆடிப் பார்த்தால் விளங்கவில்லை. அவளுடைய நல்ல தீ எல்லாம் ஐந்து பொறி கேட்கும். அவருடைய நல்ல மதில் நாலு கேட்கும். மூன்று மூன்றாகப் பிரித்ததில் அடியும் அரைகுறை, காப்பும் அரைகுறை. தட்டுத்தடுமாறிக் கரையேறியதும் பிரேக்கம்மா சொன்னாள்: "பாதிப் பாதி சரிப்படாது மாப்பிள்ளை. உங்க முறைன்னா முழுசும் எடுத்துக்கங்க. என் முறைன்னா முழுசும் எனக்கு. யார் முறைன்னுதான் பாக்கணும்."

"அதை யார் முடிவு பண்றது?"

"எதிராளியோட கையைப் பாருங்க, அதுவே சொல்லும். அவங்க பொறி காலியா இருந்தா நான். கை நிறைய இருந்தா நீங்க."

மாப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தார். நாலு வருடமாகத் தான் உடம்பு எப்படி என்று மட்டும் விசாரித்துவந்த ஒரு பெண்மணிக்குள் இவ்வளவு யோசனை இருக்கிறதா என்கிற மாதிரி. அவளுக்கே ஆச்சரியம்தான். மற்றவர் கையை நின்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு இன்றைக்குக் காலையில்தான் வந்திருந்தது, அதுவும் 'இரு இரு' என்று அவர் கத்திய நேரங்களில் செய்ய வேறு வேலை இல்லாததால்.

ஒவ்வொரு ஜோடியாக விழுந்தது. மகள் சாப்பாட்டை இரண்டு முறை சுடவைத்தாள். மூன்றாவது முறை சுடவைக்காமல் அவளும் வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டாள். மதியம் இரண்டு இருபதுக்குத் திரையில் எழுத்து ஓடியது: கடைசி ஆட்டம். 'கொள்ளிவாய் ஆமை'க்கு எதிரே 'இரட்டைத் தாழ்ப்பாள்'.

பெயருக்கேற்ற ஜோடிதான் அது. இரண்டு பேரும் தடுப்பாட்டக்காரர்கள். வந்ததும் வராததுமாகக் கட்ட ஆரம்பித்தார்கள். மதில், அதற்கு வெளியே அகழி, அதற்கு மேலே பூட்டு, பூட்டுக்கு ஒரு காவல், அந்தக் காவலுக்கு விலையாகச் சொந்த உயிரில் ஒன்பது. அதன் உள்ளிருந்துகொண்டு முறைக்கு இரண்டு உயிராக அம்பு விட்டுக்கொண்டிருந்தார்கள். கொசு கடிக்கிற மாதிரி. பிரேக்கம்மா ஐந்து பொறித் தீயைக் கொண்டுபோய் மோதினாள். சுவர் லேசாகக் கருத்ததோடு சரி. மறுபடி மோதினாள். மறுபடி கருப்பு.

"என்ன அழகு பாருங்க அத்தை," என்றார் மாப்பிள்ளை கண்ணை எடுக்காமல். "ஒரு இடுக்கு இல்ல, ஒரு பிசிறு இல்ல."

"மாப்பிள்ளை, நீங்க எந்தப் பக்கம் ஆடறீங்க?"

"இல்ல, சொன்னேன்..."

இருபது முறை போயிற்று. அவர் தன் பங்குக்கு மதில் வளர்த்துக்கொண்டே வந்தார். அது இருபத்திரண்டு கல் உயரம். அவர் வாழ்நாளில் கட்டியதிலேயே பெரியது. ஆனால் எதிரி விடுவது வளைந்து வருகிற அம்பு, மதிலைத் தாண்டி உள்ளே விழும். உயிர் பதினைந்து.

மாப்பிள்ளை திடீரென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். "அத்தை, இரு."

"இருக்கேன்."

"ரெண்டு முறைக்கு எதுவும் செய்யக் கூடாது. நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம். பதினெட்டுப் பொறி சேரட்டும்."

பிரேக்கம்மா தன் இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட் நடக்கிற முழு நாளைவிட நீளமாக இருந்தது. உள்ளங்கால் குறுகுறுவென்றது. காலைத் தரையில் தேய்த்தாள். உயிர் பதின்மூன்று. பக்கத்தில் மாப்பிள்ளையும் நெளிந்துகொண்டிருந்தார். அவருக்கு அடிக்காமல் இருப்பது பெரிதில்லை. உயிர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஒரு கல்லும் வைக்காமல் இருப்பதுதான் உயிர் போகிற வேலை. உயிர் பதினொன்று. எதிர்ப்பக்கம் என்னவோ சூழ்ச்சி என்று பயந்து, இருக்கிற மதிலுக்கு மேல் இன்னொரு மதிலை ஏற்றினார்கள்.

பதினெட்டுப் பொறி சேர்ந்தது.

"என்கிட்ட ஒரு சீட்டு இருக்கு," என்றார் மாப்பிள்ளை மெல்லிய குரலில். "இடிமதில். நம்ம மதிலை நாமே உடைச்சு, ஒவ்வொரு கல்லா அவங்க மதில் மேல எறியறது. ரெண்டு வருஷமா கட்டுல வெச்சிருக்கேன். ஒரு தடவைகூடப் போட்டதில்ல. மனசு வந்ததில்ல."

விநாடி ஓடிக்கொண்டிருந்தது. 'போடுங்க, போடுங்க' என்று அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள். "உங்க மதில் மாப்பிள்ளை. உங்க இஷ்டம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார்.

காலையிலிருந்து கேட்ட அத்தனை கடகடவும் இப்போது தலைகீழாகக் கேட்டது. இருபத்திரண்டு கல்லும் பெயர்ந்து, வரிசையாகப் பறந்து, எதிரியின் மதிலில் மோதின. பூட்டு தெறித்தது. அகழி தூர்ந்தது. காவல்காரன் கல்லோடு கல்லாக எங்கேயோ போனான். புகை விலகியபோது அம்மணமாக நின்றது எதிரியின் கோட்டை. முப்பத்தொரு உயிர். கையில் பன்னிரண்டு பொறி.

"அடிங்க, அத்தை!"

பிரேக்கம்மா கையைத் தொடைக்கு அடியிலிருந்து உருவினாள். மரத்துப்போயிருந்தது. மரத்த விரலாலேயே அடித்தாள். காட்டுத்தீ! கொள்ளிமழை! கடைசி இரண்டு பொறிக்கு ஒரு ஓநாய்! இருபத்திரண்டு வருடமாக ஆக்ஸிலேட்டர் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாய்விட்டுக் கூவினாள். மாப்பிள்ளை சோபா மேல் ஏறி நின்றுவிட்டார். எதிரியின் உயிர் இருபதாயிற்று, ஒன்பதாயிற்று, ஐந்து, இரண்டு...

ஒன்று.

ஒன்றில் நின்றுவிட்டது.

பொறி தீர்ந்தது. மதில் இல்லை. பிரேக்கம்மா போனைக் குலுக்கிப் பார்த்தாள், இன்னொரு பொறி உதிராதா என்று. "ஒண்ணே ஒண்ணு மாப்பிள்ளை," என்றாள் அழுகிற குரலில். "போச்சு அத்தை," என்றார் அவர் சோபாவின் மேல் நின்றபடியே. "நம்ம கோட்டைக்கு இப்போ கதவுகூட இல்ல. திரும்ப ஒரு சுத்து கட்டிடுவாங்க. கட்டிட்டா உடைக்க என்கிட்ட கல் இல்ல."

எதிரியின் முறை ஆரம்பித்தது. மகள் குனிந்து திரையைப் பார்த்தாள். ஒப்பந்தங்களின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் படித்துப் பழகிய கண் அவளுக்கு.

"அங்க மூலையில, அவங்க சீட்டுக்கட்டு மேல சைபர்னு போட்டிருக்கே, அது என்ன?"

இரண்டு பேரும் மூலையைப் பார்த்தார்கள்.

ஆட்டத்தில் அப்படி ஒரு சட்டம் உண்டு. கட்டில் சீட்டு தீர்ந்துவிட்டால், எடுக்க இல்லாத ஒவ்வொரு முறைக்கும் ஒரு உயிர் போகும். மூன்று நிமிடத்தில் ஆட்டத்தை முடிக்கிற பிரேக்கம்மா இந்தச் சட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. மாப்பிள்ளை கண்டிருக்கிறார், ஆனால் அவருக்கு எதிராகத்தான். இரட்டைத் தாழ்ப்பாள்காரர்கள் இருபத்து மூன்று முறையாகக் கட்டிக் கட்டிக் கட்டியே கட்டைக் காலி செய்திருந்தார்கள்.

திரையில் ஒரு கை நீண்டது. எடுக்கச் சீட்டு இல்லாமல் திரும்பியது. ஒன்று என்ற எண் பூஜ்யமாயிற்று. யாரும் தொடாமலே கோட்டை உள்வாங்கி, சாவகாசமாகச் சரிந்தது.

அடுத்த அரை நிமிடம் யார் என்ன கத்தினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை சோபாவிலிருந்து குதித்ததில் டீத் தட்டு கவிழ்ந்தது. பிரேக்கம்மா அவர் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். மகளைக் கட்டிக்கொள்ளப் போய் அவள் தலையில் முட்டிக்கொண்டாள்.

மூச்சு வாங்கியதும் பிரேக்கம்மா கண்ணைச் சுருக்கினாள். "மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லுங்க. அவங்க சீட்டு தீரப்போகுதுன்னு தெரிஞ்சுதானே என்னை உட்கார வெச்சீங்க?"

பொய் சொன்னால் எவ்வளவு பெரிய ஆளாகத் தெரிவார்! ஒரு கணம் அவர் யோசித்த மாதிரிதான் இருந்தது. "இல்ல அத்தை. எண்ணவே இல்ல. மதிலைப் பாத்துட்டே இருந்துட்டேன்."

"அப்போ ஜெயிச்சது என் தீ. முப்பது உயிரு நான் எடுத்தது!"

"அந்தக் கடைசி ஒண்ணு? இருபது முறை தாக்குப் பிடிச்சதாலதானே அவங்க கட்டு தீர்ந்தது? அது என் மதில் எடுத்தது."

"ஒரே ஒரு உயிருக்கு இவ்வளவு பேச்சா?"

"அந்த ஒரு உயிரு இல்லாம உங்க முப்பதை வெச்சு என்ன பண்றது?"

"என்ன மாப்பிள்ளை, குரல் ஏறுது?"

"நீங்கதானே நல்லாக் கத்தச் சொன்னீங்க!"

இதற்குள் திரையில் ஒரு கட்டம் வந்து மினுக்கியது. ஜெயித்த ஜோடி ஒரு வரி எழுதலாம், ஒரு வாரத்துக்கு ஆடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். நேரம் இதற்கும் அரை நிமிடம்தான். "தீயே வெல்லும்னு போடுங்க." "அதெப்படி? மதிலே துணைன்னு போடலாம்." "ரெண்டையும் சேர்த்து..." "எழுத்து பத்தாதே..." "அப்போ தீ மட்டும்!" ஆறு விநாடி, ஐந்து விநாடி. மகள் குறுக்கே கையை விட்டுப் போனைப் பிடுங்கித் தானே எதையோ தட்டினாள். இந்த முறை இஸ்திரி கிஸ்திரி எதுவும் போடவில்லை. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

'மணி மூணு ஆகப்போகுது. இன்னும் சாப்பிடல. எல்லாரும் போனை வைங்க.'

பதில்கள் வந்து விழ ஆரம்பித்தன. இரட்டைத் தாழ்ப்பாள்தான் முதல் ஆள்: 'நாங்களும் சாப்பிடல.' பிரேக்கம்மா சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை அவளை எழுப்பக் கை கொடுக்க வந்தவர், தானும் சிரிப்பு தாங்காமல், சிந்திய டீக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மகள் சாப்பாட்டை மூன்றாவது முறையாகச் சுடவைக்க உள்ளே போனாள்.